93 அடி

டிகேட்டர் பாலத்தை எட்டு வருடம் காரில் தாண்டியிருக்கிறேன். அலபாமாவின் வடக்கே, டென்னசி ஆற்றின் மேல் போகும் பாலம். வடகரைப் பக்கம் வீடு, தென்கரையில் ஆலை. நெரிசல் இல்லாவிட்டால் ஒரு நிமிடம், முன்னால் லாரி ஊர்ந்தால் மூன்று. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். அதே ஆற்றில் ஒரு நாள் முழுக்கப் படகில் போவேன், அதுவும் அப்பாவோடு போவேன் என்று அப்போது நினைக்கவில்லை.

ஏற்பாடு செய்தவர் என் பழைய மேலாளர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு 36 அடி நீளத்தில் ஒரு படகு வாங்கி, மனைவியும் நாயுமாக அதிலேயே குடியேறிவிட்டார். இந்த வகைப் படகுக்கு இங்கே டிராலர் என்று பெயர். நாகப்பட்டினம் பக்கத்து ஆளிடம் டிராலர் என்றால் வலையும் ஐஸ் பெட்டியும்தான் நினைவுக்கு வரும். அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது. உள்ளே கட்டில், சோபா, அடுப்பு, சன்னலோரம் தொட்டியில் ஒரு செடி. ஊர்ப் படகோடு பொதுவாக இருந்தது டீசல் வாடை ஒன்றுதான்.

அவர்கள் சுற்றிக்கொண்டிருந்த பாதைக்கு கிரேட் லூப் என்று பெயர். அமெரிக்காவின் கிழக்குப் பாதியைத் தண்ணீரிலேயே ஒரு வட்டம் அடிப்பது. அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி, ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பெரிய ஏரிகள் என்று போய், சிகாகோவில் தெற்கே திரும்பி, ஆறுகளும் கால்வாயுமாக மொபைல் நகரம் வரை இறங்கி, மெக்சிகோ வளைகுடாவைத் தொட்டு புளோரிடாவைச் சுற்றி வர வேண்டும். சுமார் 6000 மைல். பெரும்பாலோர் ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறார்கள். டிகேட்டர் இந்த வட்டத்திலேயே இல்லை. ஆனால் புயல் காலம் முடிவதற்குள் வளைகுடாப் பக்கம் போனால் பல காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்துவிடும். நவம்பர் பிறக்கும்வரை எங்காவது பொழுதைப் போக்கியாக வேண்டும். அதனால் நிறையப் பேர் அக்டோபரில் டென்னசி ஆற்றில் மேலேறி சாட்டனூகா வரை போய், இலைகள் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அப்படித் திரும்பும் வழியில்தான் போன் வந்தது. "டிகேட்டரிலிருந்து ஃப்ளாரன்ஸ் வரை, 50 மைல், இரண்டு லாக். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா."

அப்பா திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே விவசாயி. கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி எங்களுக்கு அன்றைக்கே வந்துவிடும். தண்ணீர் வர வாரக்கணக்காகும். மேலே உள்ளவர்கள் எல்லாம் நாற்று விட்டு முடித்த பிறகு, வாய்க்காலில் கணுக்கால் அளவுக்கு ஏதோ ஒன்று, முன்னால் நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு வந்து சேரும். காலையில் பேப்பரில் மேட்டூர் எத்தனை அடி என்று பார்க்காமல் அவர் காபியைத் தொட மாட்டார். எங்களோடு தங்க வந்த முதல் வாரமே எனக்கும் அந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்துவிட்டார்.

விடிந்தும் விடியாமலும் என் மனைவி எங்களைப் படகுத்துறையில் இறக்கிவிட்டாள். மாலை ஃப்ளாரன்ஸில் வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. கையில் தயிர் சாதம், மாவடு, தண்ணீர் பாட்டில். ஏறியதும் மேலாளரின் மனைவி முதல் வேலையாகக் கழிவறையைக் காட்டி, பேப்பர் உட்பட எதையும் உள்ளே போடக் கூடாது, இதை இத்தனை முறை அழுத்த வேண்டும் என்று பாடம் எடுத்தார். நான் மொழிபெயர்த்தேன். "எனக்கு இன்னிக்கு வேணாம்பா" என்றார் அப்பா. சாயந்தரம் வரை சொன்னபடியே இருந்தார்.

கிளம்பி ஐந்தே நிமிடத்தில் நின்றோம். நான் தினமும் போகும் சாலைப் பாலத்துக்கு அடியில் தடையில்லாமல் நுழைந்துவிடலாம். அதற்கு அடுத்து ஒரு ரயில் பாலம் இருக்கிறது. நடுக் கண்ணி மட்டும் லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே தூக்கும். அன்றைக்கு அது இறங்கியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்க, கேப்டன் (அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார்) இன்ஜினை முன்னும் பின்னும் தட்டி நீரோட்டத்தில் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தார். இருபது நிமிடம். மேலே என் பாலத்தில் கார்கள் பறந்தன. அத்தனை பேரும் எனக்குத் தெரிந்த அவசரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊருக்கு ரயில் வந்த காரணமே ஆறுதான். டிகேட்டருக்குக் கீழே மசல் ஷோல்ஸ் என்ற இடத்தில் ஆறு பல மைல் தூரத்துக்குப் பாறையும் பாய்ச்சலுமாக இறங்கியது. படகு போகாது. அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் 1834-இல் டஸ்கம்பியாவிலிருந்து டிகேட்டர் வரை ரயில் பாதை போட்டார்கள். 1838-இல் செரோக்கி மக்களை ஊரை விட்டு மேற்கே துரத்தியபோது, படகில் கொண்டுவந்த கூட்டங்களை டிகேட்டரில் இறக்கி இந்த ரயிலில்தான் ஏற்றினார்கள். படகுத்துறைக்குப் பக்கத்திலிருக்கும் பூங்காவில் நான் பலமுறை மதிய சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒருமுறைதான் போனேன்.

பாலம் தூக்கியதும் கீழ்நோக்கி நகர்ந்தோம். இந்த ஆற்றில் இடத்தை ஊர் பெயரால் சொல்வதில்லை, மைலால் சொல்கிறார்கள். ஒஹாயோ ஆற்றோடு கலக்கும் பதூகாவில் பூஜ்யம், மேலே நாக்ஸ்வில்லில் 652. டிகேட்டர் 305. அப்பாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. கரையில் மைல் பலகை வரும்போதெல்லாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டார். சிவப்பு மிதவை, பச்சை மிதவை இரண்டுக்கும் நடுவில் போக வேண்டும். மேலே ஏறும்போது சிவப்பு வலப்பக்கம், இறங்கும்போது இடப்பக்கம். இந்தத் தடத்துக்குள் 9 அடி ஆழம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தடத்தை விட்டு வெளியே போனால், பரந்த கண்ணாடி மாதிரித் தெரியும் தண்ணீருக்கு அடியில் பழைய மரத்தின் அடிக்கட்டை இருக்கலாம், யாரோ உழுத வயலின் மேடு இருக்கலாம். ஆறு என்று சொன்னாலும் இது வீலர் அணை தேக்கிய ஏரி. சில இடங்களில் அக்கரை வெறும் நீலக் கோடாகத்தான் தெரிகிறது.

எங்கள் வேகம் மணிக்கு 9 மைல். சைக்கிள் வேகம்தான். முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கால் துறுதுறுத்தது, அப்புறம் அடங்கிவிட்டது. இடப்பக்கம் ராக்கெட் தொழிற்சாலையின் துறை வந்தது. இங்கே செய்யும் ராக்கெட்டுகளைக் கப்பலில் ஏற்றி, இதே ஆறு வழியாகவே கடலுக்குக் கொண்டுபோய் கேப் கேனவெரலில் இறக்குகிறார்கள். வலப்பக்கம் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். 1975-இல் அங்கே ஒரு தொழிலாளி காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்ததில் கேபிள்கள் தீப்பற்றிக்கொண்டன. அப்பாவிடம் சொன்னேன். "ஊதுவத்தி வெச்சிப் பாத்திருக்கலாம்" என்றார்.

அவருக்கு வேறொரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. எல்க் ஆறு வந்து கலக்கும் இடத்தில் கேட்டேவிட்டார்.

"இந்தத் தண்ணி எந்த வயலுக்குப் போவுது?"

"வயலுக்கெல்லாம் பெரிசா போகாதுப்பா. இங்க மழையிலேயே விளைஞ்சிடும். கரண்ட் எடுக்கறாங்க, வெள்ளத்தைத் தடுக்கறாங்க, கப்பல் போவுது."

"ஷட்டர் போட்டு, இம்மாந்தண்ணிய நிறுத்தி, வயலுக்குப் போவலையா?"

மொழிபெயர்க்கச் சொல்லி கேப்டன் என்னைப் பார்த்தார். சொன்னேன். அவர் தன் தாத்தா காலத்தில் வருடா வருடம் வெள்ளம் மண்ணை வாரிக்கொண்டு போனதையும், 1933-இல் ரூஸ்வெல்ட் டி.வி.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கி இந்த ஆற்றையும் கிளைகளையும் அணை அணையாகக் கட்டியதையும் விளக்கினார். இந்த வீலர் அணை 1936-இல் முடிந்தது. மேட்டூர் அதற்கு இரண்டு வருடம் மூத்தது என்று அப்பா சொன்னதை, கொஞ்சம் பெருமையோடுதான், நான் மொழிபெயர்த்தேன். ஒரே காலத்து அணைகள். எங்கள் ஊரில் அணை என்றால் வாசல், திறக்கக் காத்திருக்கிற வாசல். இங்கே படிக்கட்டு. ஆற்றைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் ஏரியாக நிறுத்தி, இரண்டு ஏரிக்கு நடுவே படகை ஏற்றி இறக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிதான் லாக்.

வீலர் லாக்கில் அதிர்ஷ்டம். போனதும் பச்சை விளக்கு. ஐம்பது அடிக்குக் கொஞ்சம் குறைவான இறக்கம், அரை மணியில் வெளியே வந்துவிட்டோம். இங்கே எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. 1961 ஜூன் மாதம் இந்த லாக் இடிந்து விழுந்தது. அப்போதுதான் ஹன்ட்ஸ்வில்லில் சாட்டர்ன் ராக்கெட்டின் முதல் அடுக்கு தயாராகிக்கொண்டிருந்தது. சாலையில் கொண்டுபோக முடியாத அளவு பெரியது. அதைச் சுமக்கக் கட்டிய பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு, அணைக்கு மேற்பக்கம் மாட்டிக்கொண்டது. கடைசியில் அணை வரை தண்ணீரில் கொண்டுவந்து, இறக்கி, சக்கரத்தில் வைத்து அணையைச் சுற்றி இழுத்துப்போய், கீழ்ப்பக்கம் இன்னொரு பார்ஜில் ஏற்றி அனுப்பினார்கள். நிலவுக்குப் போகிற வழியில் ஒரு மடை உடைந்துபோன கதை.

வில்சன் லாக்கில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. முக்கால் தயிர் சாதத்தை வில்சன் ஏரியிலேயே முடித்துவிட்டு, இரண்டு மணிக்குச் சற்று முன்பு அணைக்கு மேலே வந்து சேர்ந்தோம். கேப்டன் ரேடியோவை எடுத்து, கீழே இறங்க ஒரு உல்லாசப் படகு காத்திருக்கிறது என்று சொன்னார். மறுமுனையில் அலபாமா இழுவையில் ஒரு குரல், கீழிருந்து ஒரு டோ ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டு துண்டு, அதற்கப்புறம் பார்க்கலாம் என்றது.

டோ என்பது பார்ஜ்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். அகலத்தில் மூன்று, நீளத்தில் ஐந்து, ஆக 15 பார்ஜ். பின்னாலிருந்து ஒரு படகு தள்ளும். ஒரு பார்ஜில் 1500 டன் ஏறும், 15 டன் லாரி என்று வைத்தால் நூறு லாரி. லாக்கின் நீளம் 600 அடி, டோவின் நீளமோ ஆயிரத்தை நெருங்கும். அதனால் முன்பாதியை அவிழ்த்து உள்ளே தள்ளி மேலே ஏற்றி வெளியே இழுத்து, மறுபடி லாக்கைக் காலி செய்து, பின்பாதியை ஏற்றி, மேலே வந்து திரும்பக் கட்டுகிறார்கள். யார் முதலில் என்பதற்கு வரிசை உண்டு. ராணுவம், அப்புறம் பயணிகள் கப்பல், அப்புறம் சரக்கு, எல்லோரும் போன பிறகு நாங்கள்.

அப்பாவுக்குச் சொன்னேன்.

"அப்ப நாம கடைமடை" என்றார்.

அதன் பிறகு அவர் முகத்தில் சலிப்பே இல்லை. நான்தான் போனை எடுத்து எடுத்து மணி பார்த்தேன். அவர் முன்தளத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டிருந்தார். முறைத் தண்ணீருக்காக இரவெல்லாம் வரப்பில் உட்கார்ந்திருந்த ஆள். "லஸ்கர் நல்லவனா இருந்தா கூப்பிடுவான்" என்றார். லஸ்கர் என்றால் எங்கள் பக்கம் பொதுப்பணித் துறையில் மதகு ஏற்றி இறக்குகிறவர். லாக் ஆபரேட்டருக்கு இதைவிடச் சரியான சொல்லை நான் யோசித்தும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டரை மணி நேரம். டோ வெளியே வந்து எங்களைக் கடந்தபோது அதன் பார்ஜ்களின் பக்கம் ஒரு தெருவின் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. விளக்கு பச்சையானது, ஹாரன் ஒலித்தது, உள்ளே போனோம். 110 அடி அகலப் பெட்டியில் எங்கள் படகு மட்டும்.

சுவரில் பள்ளத்துக்குள் ஒரு இரும்பு உருளை மிதக்கும். தண்ணீரோடு அதுவும் இறங்கும். படகின் கயிற்றை அதில் ஒரு சுற்றுப் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். நான் சுற்றை அழகாகப் போட்டு, மீதிக் கயிற்றைப் படகின் கொக்கியில் இறுக்கி முடிச்சும் போட்டுவிட்டேன். அந்த அம்மாள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். உருளை பள்ளத்தில் சிக்கி நின்றுவிட்டால் தண்ணீர் மட்டும் கீழே போகும், முடிச்சுப் போட்ட படகு சுவரிலேயே தொங்கும். அதற்காகவே பக்கத்தில் ஒரு கத்தியும் வைத்திருக்கிறார்கள். நான் முடிச்சோடு மல்லுக்கட்டுவதற்குள் அப்பா குனிந்து இரண்டு இழுப்பில் அவிழ்த்து, கயிற்றை உள்ளங்கையில் ஒரு வளையம் விட்டுப் பிடித்துக்கொண்டார். கயிறு கனக்கும்போது அரை விரல் விடுகிறார், தொய்யும்போது இழுக்கிறார். சந்தையிலிருந்து புது மாட்டை ஓட்டிவரும்போது பிடிக்கிற பிடி. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவேயில்லை, அவரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பின்தளத்துக்குப் போனார்.

இறங்கினோம். தண்ணீர் கொந்தளிக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருந்தது. சுவர் மட்டும் வளர்ந்தது. வெயில் பட்ட காய்ந்த கான்கிரீட் மேலே போய், ஈரச் சுவர் வந்தது, அதில் ஒட்டிய சிறு சிப்பிகள் வந்தன. உருளை பள்ளத்தில் உரசி, செக்கு ஆடுவது போல முனகிக்கொண்டே கூட வந்தது. காற்று குளிர்ந்தது. வானம் ஒரு நீளப் பட்டையானது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்த லஸ்கர் ஒரு விரல் அளவு ஆனார்.

"எத்தன அடி?"

"93."

அப்பா மேலே பார்த்தார். "குறுவைக்குத் தொறந்துடலாமேடா."

90 அடி இருந்தால் ஜூன் 12-இல் மேட்டூரைத் திறக்கலாம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கு அப்போதுதான் வேறு கணக்கு ஓடியது. 600 அடி நீளம், 110 அகலம், 93 இறக்கம். 61 லட்சம் கன அடிக்கு மேல். லிட்டரில் 17 கோடி. நாலு பேரையும் ஒரு நாயையும் இறக்குவதற்கு 17 கோடி லிட்டர், அதுவும் இலவசமாக. இந்த லாக்குகளில் சொந்தப் படகுக்குக் கட்டணம் கிடையாது. இப்படி 163 முறை இறக்கினால் ஒரு டி.எம்.சி. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீணாவா போவுது? கீழதானே போவுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கீழ யாருக்கும் வேணாமுன்னா சரி."

கதவு பிளந்தது. இரண்டு இரும்பு மலை நடுவில் வெளிச்சக் கீற்று. கதவோரம் நாரை ஒன்று, தண்ணீரோடு வெளியே வரும் மீனுக்காக நின்றிருந்தது. எங்களைப் பார்த்தும் நகரவில்லை. அந்தக் கதவுகளில் 2024 செப்டம்பரில் விரிசல் கண்டு பெரிய லாக்கை மூடினார்கள். சரக்கெல்லாம் பக்கத்திலிருக்கும் சின்ன லாக் வழியாகத் துண்டு துண்டாகப் போக வேண்டியதாயிற்று என்று படித்தபோது, அந்த வரிசையின் கடைசியில் எத்தனை உல்லாசப் படகுகள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃப்ளாரன்ஸ் துறையைத் தொட்டபோது சூரியன் மரங்களுக்குக் கீழே போய்விட்டது. காலையிலிருந்து சுமார் 50 மைல். என் மனைவி அதே தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓட்டி வந்து, அரை மணியாகக் காத்திருந்தாள். கேப்டன் அப்பாவின் கையைக் குலுக்கி, மொபைல் வரை வரலாமே என்றார். அப்பா சிரித்தார். மாவடு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஊரில் காலை ஆறு மணி. அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டார். கார் ஸ்பீக்கரில், விட்டு விட்டுக் கேட்கும் லைனில், குசலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தார்.

"93 அடி இறங்கிடுச்சுடா. அரை மணி நேரத்துல."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம் சித்தப்பாவின் குரல் காரை நிரப்பியது.

"என்னண்ணே சொல்ற? நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு! எவன் தொறந்தான்?"

அப்பா நிதானமாக முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். எல்க் ஆற்றுப் பாலம் வந்துவிட்டது. அவர் கதையில் ரயில் பாலம் இன்னும் தூக்கவில்லை.